ஐபிஎம் 5150-க்கு ஹார்டு டிஸ்க் மாட்டிய கதை

மேல்பரணிலிருந்து இறக்கிய பெட்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. மூடியில் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி, உள்ளே பாச்சை உருண்டை வாசனை. ஐபிஎம் 5150. 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவிக்கப்பட்ட அந்த முதல் ‘பர்சனல் கம்ப்யூட்டர்’ வகை.

கொண்டு வந்தவர் ஓய்வுபெற்ற கணக்காளர். எண்பதுகளின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் அமெரிக்காவில் வேலை பார்த்தவர். திரும்பும்போது துணிமணியை விட்டுவிட்டு இதைக் கட்டிக்கொண்டு வந்ததாக அவர் மனைவிக்கு இன்றும் மனக்குறை உண்டாம். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 110 வோல்ட் மாடல் என்பதால் கூடவே செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர்.

“இதுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் போடணும் தம்பி,” என்றார். “அப்பவே ஆசைப்பட்டேன். விலை கட்டுப்படியாகல.”

என் அலமாரியில் சீகேட் எஸ்டி-225 ஒன்று இருந்தது, 20 எம்பி. அதற்கேற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் கன்ட்ரோலர் கார்டும் இருந்தது. கார்டைச் சொருக ஒரு ஸ்லாட், டிஸ்க்கை வைக்க ஒரு பே, இரண்டு கேபிள், நாலு ஸ்க்ரூ. “நாளைக்குச் சாயங்காலம் வாங்க சார்,” என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்து நாள் ஆயிற்று. அதற்கப்புறமும் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் வந்த ஒவ்வொரு தடங்கலும் முதல் பார்வைக்கு டிஸ்க்கின் கோளாறு போலவே தெரிந்தது. ஒன்றுகூட டிஸ்க்கின் கோளாறு இல்லை. அதனால்தான் இதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

ஹார்டு டிஸ்க்கை நினைக்காமல் செய்த மெஷின்

5150-இன் அமைப்பைப் பார்த்தால் அதைச் செய்தவர்கள் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். பின்பக்கம் கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே கேசட் பிளேயருக்கு ஒரு துளை. அடிப்படை மாடல் 1,565 டாலர். அதில் 16 கிலோபைட் மெமரி உண்டு, ஃப்ளாப்பி டிரைவ் கிடையாது. பாட்டு கேட்கிற டேப்பிலேயே புரோகிராமைச் சேமித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. காசு இருப்பவர்களுக்கு 160 கிலோபைட் ஃப்ளாப்பி. புளோரிடாவின் போகா ரேட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு குழு சுமார் ஒரே வருடத்தில் முடித்த வேலை அது. ஹார்டு டிஸ்க் அவர்கள் பட்டியலில் இல்லை.

ஹார்டு டிஸ்க் என்ற பொருள் அப்போது இல்லாமல் இல்லை. ஐந்தேகால் அங்குல அளவில் 5 எம்பி பிடிக்கும் எஸ்டி-506-ஐ சீகேட் 1980-லேயே கொண்டுவந்துவிட்டது. அடுத்து வந்த எஸ்டி-412 10 எம்பி. டிஸ்க் தட்டில் உள்ள ஒவ்வொரு வட்டமும் ஒரு டிராக், அதன் துண்டு செக்டர், ஒன்றின் மேல் ஒன்றாக வரும் வட்டங்கள் சேர்ந்தது சிலிண்டர், படித்து எழுதும் முனை ஹெட். கணக்குப் போட்டால் 306 சிலிண்டர், 4 ஹெட், டிராக்குக்கு 17 செக்டர், செக்டருக்கு 512 பைட்: மொத்தம் 1,06,53,696 பைட். 160 கிலோபைட் ஃப்ளாப்பியாக அடுக்கினால் 65 வரும். ஐபிஎம் அதை 1983 மார்ச் 8 அன்று அறிவித்த எக்ஸ்டி மாடலில் வைத்தது, விலை 4,995 டாலர். நம்ம கணக்காளர் ஆசைப்பட்டு விட்டது அதைத்தான்.

ஆக, 5150 வாங்கியவர்களுக்கு ஒன்றரை வருடத்திலேயே தங்கள் மெஷின் பழசாகிவிட்டது. விற்றுவிட்டு எக்ஸ்டி வாங்க எல்லாராலும் முடியுமா? கையிலிருப்பதிலேயே டிஸ்க்கை ஏற்றப் பார்த்தார்கள். பக்கத்தில் தனிப்பெட்டியில் தனி கரண்டோடு வைத்தார்கள். ஃப்ளாப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வைத்தார்கள். 1985-இல் பிளஸ் டெவலப்மென்ட் நிறுவனம் கார்டின் மேலேயே டிஸ்க்கை ஒட்டிய ‘ஹார்டுகார்டு’ ஒன்றையும் விற்றது. நான் செய்தது நடுவில் சொன்ன வகை.

இடம்

முன்பக்கம் இரண்டு முழு உயர பே, இரண்டிலும் டாண்டன் ஃப்ளாப்பி. ஒன்று போயாக வேண்டும். பி டிரைவைக் கழற்றினேன். மதர்போர்டில் உள்ள முதல் சுவிட்ச் வரிசையில் 7, 8 இரண்டும் ‘எத்தனை ஃப்ளாப்பி’ என்று சொல்பவை. அவற்றை ஒன்றுக்கு மாற்றினேன். எஸ்டி-225 அரை உயரம்தான் என்பதால் பே-யில் மேலே காலி இடம் தெரிந்தது. அதை ஒரு கறுப்புத் தகடால் மூடினேன். அழகு பார்க்கிற வேலை இல்லைதான், ஆனாலும் வாய் திறந்தபடி விட மனசு வரவில்லை.

ஸ்லாட் மொத்தம் ஐந்து. ஃப்ளாப்பி கார்டு, பிரிண்டர் இணைப்போடு வரும் மோனோகிரோம் டிஸ்ப்ளே கார்டு, மெமரி கார்டு, சீரியல் கார்டு என்று நான்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தன. ஐந்தாவதில் ஹார்டு டிஸ்க் கார்டு போனதோடு கதவு சாத்தியாயிற்று. எக்ஸ்டி-யில் எட்டு ஸ்லாட் வைத்தது ஏன் என்று இதைச் செய்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

கரண்ட்

ஸ்விட்சைப் போட்டேன். விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றது. பீப் இல்லை, திரையில் கோடுகூட இல்லை.

5150-இல் இப்படி ஆனால் பழக்கப்பட்டவர்கள் கை முதலில் டான்டலம் கெப்பாசிட்டர் பக்கம்தான் போகும். 12 வோல்ட் லைனில் உள்ள அந்தச் சின்னத் துளிகள் வயதானால் ஷார்ட் ஆகும். சில சமயம் பட்டாசு மாதிரி வெடிக்கவும் செய்யும். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நல்லபடியாக இருந்தன. டிஸ்க்கின் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுப் போட்டேன். ஒரு பீப், திரையில் கர்சர், எல்லாம் ஜோர். மறுபடி சொருகினால் மெஷின் சவம்.

யாராக இருந்தாலும் ‘டிஸ்க் ஷார்ட்’ என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன். இன்னொரு டிஸ்க் தேட வேண்டுமே என்ற அலுப்போடு மேசையில் இருக்கும் தனி பவர் சப்ளையில் இதை மாட்டிப் பார்த்தேன். விர்ரென்று சுற்றி வேகம் பிடித்தது. பச்சை விளக்கும் எரிந்தது.

அப்புறம்தான் மெஷினின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். 63.5 வாட். அதிலும் பெரும்பகுதி 5 வோல்ட்டுக்குப் போகிறது: 7 ஆம்பியர், அதாவது 35 வாட். மோட்டார் எல்லாம் இழுக்கிற 12 வோல்ட் லைனுக்கு வெறும் 2 ஆம்பியர்தான். இரண்டு ஃப்ளாப்பிக்கு அது போதும்; அவை இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றுவதும் அபூர்வம். ஹார்டு டிஸ்க் அப்படியல்ல. ஸ்விட்ச் போட்ட கணமே அசையாமல் கிடக்கும் தட்டுகளை நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்குத் தள்ள வேண்டும். நின்ற பஸ்ஸைத் தள்ளிக் கிளப்புவதும் ஓடுகிற பஸ்ஸைத் தள்ளுவதும் ஒன்றல்லவே. அந்த முதல் சில வினாடி இழுப்பில் 12 வோல்ட் படுத்துவிடுகிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொள்கிறது.

கார்டுகள் குறைவாக உள்ள மெஷினில் 63.5 வாட்டிலேயே அரை உயர டிஸ்க் ஓட்டியவர்கள் உண்டு. இது நாற்பது வருடம் பழைய சப்ளை, ஐந்து ஸ்லாட்டும் நிரம்பிய மெஷின். எக்ஸ்டி-யில் ஐபிஎம் வைத்தது 130 வாட். 12 வோல்ட்டுக்கு 4.2 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர். நல்ல வேளையாக இரண்டு மாடலுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் பிளக்கும் பொருந்தும். எக்ஸ்டி வகை சப்ளை ஒன்றை மாட்டினேன். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு பிளக்கிலும் கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மாற்றிச் சொருகினால் போர்டு போச்சு. இதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் சொருகுகிறேன்.

டிஸ்க் சுற்றியது. முதல் நாள் முடிந்தது.

இருப்பதே தெரியாத கார்டு

இரண்டாம் நாள் மெஷின் ஒழுங்காகக் கிளம்பியது, டிஸ்க்கும் சுற்றியது. ஆனால் மெஷினைப் பொறுத்தவரை அப்படி ஒரு பொருளே இல்லை. பிழை எண் வந்திருந்தாலாவது பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். ஃப்ளாப்பி போடாமல் கிளப்பினால் நேராக ரோமில், அதாவது அழியாத நினைவுச் சிப்பில், இருக்கும் பேசிக் மொழித் திரைக்குப் போய் ‘ஓகே’ என்று நின்றது. எதற்கு ஓகே என்று அதைத்தான் கேட்க வேண்டும்.

கார்டைக் கழற்றித் தங்க முனைகளை அழிப்பானால் தேய்த்து மாட்டினேன். வேறு ஸ்லாட்டில் மாற்றினேன். பலனில்லை. மதியத்துக்கு மேல் மெஷினின் அடிப்படை மென்பொருளான டாஸ் ஃப்ளாப்பியில் கிளப்பி, மெமரிக்குள் நேராக எட்டிப் பார்க்க உதவும் டீபக் புரோகிராமில் டி எஃப்000:எஃப்எஃப்எஃப்5 என்று தட்டினேன். மெஷினைக் கிளப்பிவிடும் பயாஸ் சிப்பின் தேதி அங்கேதான் எழுதியிருக்கும். 10/19/81 என்றது.

விஷயம் புரிந்தது. 5150-க்கு ஐபிஎம் மூன்று பயாஸ் வெளியிட்டது: 1981 ஏப்ரல் 24, 1981 அக்டோபர் 19, 1982 அக்டோபர் 27. முதல் இரண்டுக்கும் கார்டுகளில் உள்ள ரோமைத் தேடும் பழக்கமே கிடையாது. மூன்றாவதுதான் கிளம்பும்போது சி8000 முகவரியிலிருந்து 2 கிலோபைட்டுக்கு ஓர் இடமாக எட்டிப் பார்க்கும். 55, ஏஏ என்று இரண்டு பைட் அடுத்தடுத்து இருந்தால் ‘இங்கே ஒரு ரோம் இருக்கிறது’ என்று அர்த்தம். அதன் நீளம் எவ்வளவு, கூட்டிப் பார்த்தால் பைட்டுகள் பூஜ்யத்துக்கு வருகின்றனவா என்று சரிபார்த்துவிட்டு, உள்ளே போய் ஓட்டும். ஹார்டு டிஸ்க் கார்டு தன்னை மெஷினோடு சேர்த்துக்கொள்வது அந்தத் தருணத்தில்தான். டிஸ்க் வேலைகளுக்கான 13-ஆம் எண் இன்டரப்ட்டை, அதாவது புரோகிராம்கள் உதவி கேட்டு வரும் வழியை, தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஃப்ளாப்பிக்கான பழைய வழியை 40-க்கு நகர்த்திவிடும். வாசலில் நின்று எவ்வளவு தட்டினாலும், கதவு திறக்கும் வழக்கமே இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

பழைய பயாஸ் வைத்திருந்தவர்களுக்கு ஐபிஎம் அப்போது மாற்றுச் சிப்பை விற்றது. இன்று நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மதர்போர்டில் யு33 என்று போட்ட சாக்கெட்டில் உள்ள ஒரே ஒரு 8 கிலோபைட் சிப்தான் பயாஸ். ஆனால் சாக்கெட்டுக்கு 24 கால். அழித்து எழுதக்கூடிய, சுலபமாகக் கிடைக்கும் 2764 ஈப்ராம் சிப்புக்கு 28 கால். மோட்டரோலாவின் 68766 என்ற சிப் நேராக உட்காரும், கைக்குக் கிடைத்தால். எனக்குக் கிடைக்கவில்லை. கால்களை இடம் மாற்றி இணைக்கும் சின்னப் பலகை ஒன்றை நானே பற்றவைத்தேன். மேலே மெமரி கார்டு இடிக்காமல் அதை உட்கார வைப்பதற்குள் பாதி இரவு போய்விட்டது.

மறுநாள் காலை கிளப்பினேன். மெமரி எண்ணி முடித்து, ஒரு பீப். அப்புறம் நீண்ட மௌனம். பிறகு திரையில் 1701.

சந்தோஷமாக இருந்தது. 1701 என்பது ஹார்டு டிஸ்க் பிழை. பிழை என்று சொல்கிறதென்றால், டிஸ்க் என்று ஒன்று இருப்பதை மெஷின் ஒப்புக்கொண்டுவிட்டது.

வயரில் ஒரு முறுக்கு

1701 வந்தபோது டிஸ்க்கிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ட்ர்ர்ர்ர் என்று ஹெட் பின்னால் போய், சுவரில் முட்டிக்கொண்டது போல ஒரே இடத்தில் தடதடத்தது. ஹெட் போய்விட்டது என்றே நினைத்தேன். இந்தத் தடவை சந்தேகத்துக்கு நல்ல ஆதாரமும் இருந்தது, காதால் கேட்ட ஆதாரம்.

இந்த வகை டிஸ்க்குக்கு இரண்டு கேபிள். 20 வயர் கொண்டது தரவுக்கு. 34 வயர் கொண்டது கட்டளைக்கு: ‘இந்த ஹெட்டைத் தேர்ந்தெடு’, ‘ஓர் அடி நகர்’, ‘பூஜ்ய டிராக்குக்கு வந்துவிட்டாயா?’ போன்ற பேச்செல்லாம் இதில்தான். ஃப்ளாப்பி கேபிளும் 34 வயர்தான். முனையும் அதே முனை, அச்சு அசலாகச் சொருகிக்கொள்ளும். இரண்டிலுமே நடுவில் சில வயர்களை மட்டும் பிரித்து முறுக்கிவிட்டிருப்பார்கள். ஃப்ளாப்பி கேபிளில் 10 முதல் 16 வரை. ஹார்டு டிஸ்க் கேபிளில் 25 முதல் 29 வரை.

நான் மாட்டியிருந்தது எது? பழைய சாமான் டப்பாவிலிருந்து எடுத்த, முறுக்குள்ள 34 வயர் கேபிள். வயரை எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது உட்கார்ந்து சிவப்புக் கோட்டிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். முறுக்கு பத்தாவதில் தொடங்கியது.

அது என்ன செய்கிறது என்று காகிதத்தில் வரைந்து பார்த்தபோது சத்தத்துக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. முறுக்கினால் 10-ஆம் வயர் 16-க்குப் போகிறது, 12-ஆம் வயர் 14-க்குப் போகிறது. ஹார்டு டிஸ்க்கில் 10-ஆம் வயர்தான் ‘பூஜ்ய டிராக்குக்கு வந்துவிட்டேன்’ என்று சொல்வது. 16 வெறும் வயர். கார்டு ‘பின்னால் போ, பின்னால் போ’ என்கிறது; டிஸ்க் கடைசிக்குப் போய் ‘வந்துவிட்டேன்’ என்று கத்துகிறது; அந்தக் குரல் ஆள் இல்லாத வயரில் போகிறது. கார்டு விடாமல் இன்னும் போ என்கிறது. ஹெட் முட்டுகிறது. போதாக்குறைக்கு 12-இல் வரும் ‘எழுதுவதில் கோளாறு’ சமிக்ஞையும், 14-இல் போகும் ஹெட் தேர்வும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன. டிஸ்க் சொன்ன சொல்லெல்லாம் சரி. கேட்க வேண்டிய காதுக்குப் போகவில்லை.

முறுக்கே இல்லாத நேர் கேபிள் ஒன்றைப் போட்டு, எத்தனையாவது டிரைவ் என்று சொல்லும் சின்னச் சொருகியான ஜம்பரை டிஸ்க்கில் முதல் டிரைவ் என்ற இடத்தில் வைத்தேன். கேபிளின் கடைசியில் இருக்கும் டிரைவில் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், இருந்தது. ட்ர்ர்ர், டக். ஒரே ஒரு டக். முட்டல் நின்றது.

கேபிளுக்கு ஒரு ஓரத்தில் பெயர் எழுதி ஒட்டும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான்.

பந்தி

அடுத்தது ஃபார்மட். இன்றைக்குப் போல ஒரே ஃபார்மட் இல்லை. முதலில் கார்டே டிராக் டிராக்காகச் செக்டர்களுக்கு எல்லை போட்டு முகவரி எழுத வேண்டும். அதற்கு லோ லெவல் ஃபார்மட் என்று பெயர். பிறகு எஃப்டிஸ்க் என்ற புரோகிராமில் பாகம் பிரிக்க வேண்டும். கடைசியாகத்தான் டாஸின் ஃபார்மட்.

முதல் வேலையைச் செய்யும் புரோகிராம் கார்டின் ரோமுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. டீபக்கில் ஜி=சி800:5 என்று தட்டினால் எழுந்து வரும். அந்தக் காலத்து சர்வீஸ் ஆள் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரியைச் சொல்வார். அது கேட்கும் கேள்விகளில் முக்கியமானது, இன்டர்லீவ் எத்தனை?

இதைக் கணக்காளர் ஐயாவுக்குப் பந்தியை வைத்துத்தான் விளக்கினேன். அவர் அன்று எட்டிப் பார்க்க வந்திருந்தார். இலை போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பரிமாறுகிறவர் வாளியோடு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறார், நிற்கவே மாட்டார். ஒரு கரண்டி போட்டார். நீங்கள் அதை முடிப்பதற்குள் அடுத்த கரண்டி உங்கள் இலையைத் தாண்டிவிட்டது. இனி அவர் முழுச் சுற்றும் சுற்றி வந்தால்தான் உண்டு.

டிஸ்க்கில் தட்டு ஒரு முறை சுற்ற 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் 17 செக்டர் ஹெட்டின் அடியில் போகின்றன. ஒன்றுக்கு ஒரு மில்லிசெகண்ட்கூட இல்லை. ஒரு செக்டரைப் படித்து, கார்டு அதை மெமரிக்குத் தள்ளி முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும். 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8088 சிப் உள்ள மெஷினின் வேகம் அவ்வளவுதான். அதனால் ‘அடுத்த’ செக்டரைப் பக்கத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைக்கிறோம். இன்டர்லீவ் 3 என்றால் இரண்டு விட்டு மூன்றாவது. ஒரு முழு டிராக்கை மூன்று சுற்றில் படித்துவிடலாம். வினாடிக்கு ஏறக்குறைய 170 கிலோபைட். எக்ஸ்டி-யில் ஐபிஎம் ஜாக்கிரதையாக 6 என்று வைத்தது, அதில் பாதி வேகம்.

“குறைச்சலா வச்சா இன்னும் வேகமா வருமே தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. செய்தே காட்டினேன். 2 என்று கொடுத்து ஃபார்மட் செய்தேன். மெஷினால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு முழுச் சுற்று காத்திருந்தது. ஒரு டிராக்குக்கு 17 சுற்றுக்கு மேல். வேகம் வினாடிக்கு 30 கிலோபைட்டுக்கு விழுந்துவிட்டது. ஃப்ளாப்பியே மேல் என்கிற மாதிரி நகர்ந்தது. பிழை எதுவும் காட்டாது, எல்லாம் சரியாக வேலை செய்யும், ஆனால் ஊர்ந்துகொண்டு. அந்த நாளில் எத்தனை பேர் ‘டிஸ்க் மக்கர்’ என்று இதைத் தலைமுழுகியிருப்பார்களோ. மறுபடி 3 கொடுத்து முதலிலிருந்து செய்தேன்.

லோ லெவல் ஃபார்மட்டின்போது கெட்டுப்போன டிராக்குகளையும் சொல்ல வேண்டும். டிஸ்க்கின் தலையில் ஒட்டிய லேபிளில் எந்தச் சிலிண்டரில் எந்த ஹெட் மோசம் என்று தொழிற்சாலையிலேயே அச்சடித்துத் தருவார்கள். விற்கும் பொருளின் குறையை அதன் நெற்றியிலேயே எழுதி அனுப்பிய காலம். இதில் மூன்று இருந்தன. மொத்தம் 2,460 டிராக்கில் மூன்று. தட்டெழுத்தில் மங்கிப்போன எண்களை டார்ச் அடித்துப் படித்துக் கொடுத்தேன்.

டாஸ்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் வைத்திருந்தது டாஸ் 1.1. அதற்கு ஹார்டு டிஸ்க் தெரியாது, டைரக்டரிக்குள் டைரக்டரியும் தெரியாது. இரண்டும் எக்ஸ்டி-யோடு சேர்ந்து வந்த டாஸ் 2.0-இல்தான் வந்தன. 2.0 போட்டிருக்கலாம், காலத்துக்கும் பொருந்தியிருக்கும். ஆனால் 20 எம்பி-க்கு 3.3 வசதி: எந்த ஃபைல் எங்கே என்று குறித்து வைக்கும் ஃபேட் அட்டவணை 16 பிட் என்பதால், ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடமான கிளஸ்டர் 2 கிலோபைட்டோடு நிற்கும். எக்ஸ்டி-யின் 10 எம்பி டிஸ்க்கில் அது 4 கிலோபைட். நாலு வரிக் கடிதத்துக்கும் 4 கிலோபைட் போய்விடும். 3.3-ஐப் போட்டு, ஃபார்மட் சி: /எஸ் கொடுத்து, ஏ டிரைவின் கதவைத் திறந்துவிட்டு மெஷினைக் கிளப்பினேன். ஏ-யில் கொஞ்சம் தடவிப் பார்த்தது, பிறகு சிவப்பு விளக்கு அணைந்தது, டிஸ்க் விளக்கு மின்னியது.

சி>

ஐந்தாம் நாள் மாலை வந்து பார்த்தார். ஃபைல் பட்டியலைக் கேட்கும் ‘டிர்’ கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினார். கடைசி வரியில் காலி இடம் 2 கோடிப் பைட்டுக்கு மேல் என்று வந்தது. எண்ணை விரல் வைத்துக் கமா போட்டுப் படித்தார், கணக்காளர் அல்லவா. கணக்கு அட்டவணைப் புரோகிராமான பழைய லோட்டஸ் 1-2-3 ஃப்ளாப்பியைக் கொண்டு வந்திருந்தார், 1ஏ பதிப்பு. டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதிப்பு ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓடினாலும் அசல் ஃப்ளாப்பி ஏ டிரைவில் இருக்கிறதா என்று பார்க்கும். நகல் தடுப்பு. ஆக ஃப்ளாப்பியைச் சொருகும் வேலை மட்டும் அவருக்கு மிஞ்சியது.

“அணைக்கறதுக்கு முன்னாடி பார்க் பண்ணிடுங்க சார். ஹெட்டை ஓரமா ஒதுக்காம பெட்டியை நகர்த்தக்கூடாது,” என்று அதற்கான சின்னப் புரோகிராமையும் காட்டிக் கொடுத்து அனுப்பினேன். எஸ்டி-225 தானாக ஒதுக்கிக்கொள்ளாது.

பத்தாம் நாள் வந்த போன்

“தம்பி, ‘டேட்டா எரர் ரீடிங் டிரைவ் சி’ன்னு வருது. காலையில நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் ஆனா வந்துடுது.”

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் நான் மறுபடி டிஸ்க்கைத்தான் சொல்லியிருப்பேன். காலையில் சரி, மத்தியானம் தப்பு.

புதுக் காலத்து டிஸ்க்கில் ஹெட் தான் எங்கே நிற்கிறது என்பதைத் தட்டிலேயே படித்துத் தெரிந்துகொள்ளும். எஸ்டி-225-இல் ஸ்டெப்பர் மோட்டார். இத்தனை அடி வைத்தால் இந்த டிராக் என்று கண்ணை மூடிக்கொண்டு நடப்பது போல. தட்டும் சட்டமும் சூட்டில் விரியும். அடிக்கணக்கு அப்படியே இருக்கும், டிராக் மயிரிழை தள்ளிப்போகும். அதனால்தான் லோ லெவல் ஃபார்மட்டுக்கு முன் அரை மணி நேரமாவது டிஸ்க்கைச் சுற்றவிட்டுச் சூடாக்கச் சொல்வார்கள். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இன்டர்லீவ் வேடிக்கை காட்டிவிட்டு மெஷினை அணைத்துப் போய், மறுநாள் காலை ஏசி அறையில் வந்ததும் வராததுமாகக் கிளப்பி, 3 என்று கொடுத்து ஓட்டிவிட்டேன். செக்டரின் முகவரியெல்லாம் குளிரில் எழுதியவை. டாஸ் அப்புறம் எழுதிய தரவோ வெதுவெதுப்பில். அவர் வீட்டு மத்தியான வெயிலில், மூடிய பெட்டிக்குள், இரண்டும் ஒன்றுக்கொன்று விலகிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். இருந்த ஃபைல்களைக் காலையிலேயே ஃப்ளாப்பிக்கு எடுத்து வைத்தோம். மூன்று ஃப்ளாப்பிக்குள் அடங்கிவிட்டன. மூடியைப் போட்டு, மெஷினைச் சுற்றவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு மணிக்கு ஜி=சி800:5. லேபிள் உள்ளே போய்விட்டதால் கெட்ட டிராக் எண்களை அவர் ஒரு லெட்ஜர் தாளில் எழுதி வைத்திருந்தார், தேதியோடு. மறுபடி பாகம் பிரித்து, ஃபார்மட் செய்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் பழைய பயாஸ் சிப்பையும் ஒரு டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தேன். வாங்கி அதே மேல்பரணில் வைத்தார்.

போன மாதம் வழியில் பார்த்தேன். பிழை எதுவும் வரவில்லையாம். எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கேட்டேன்.

“ஒரு எம்பி இருக்கும் தம்பி.”

“மீதி பத்தொன்பது?”

“அது இருக்கட்டும்,” என்றார்.